சீல் உடைக்காத பாட்டில்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு 71 வயது. நுரையீரல் புற்றுநோய். இப்போது எலும்புக்கும் பரவிவிட்டது. இரண்டாவது முறை மாற்றிக் கொடுத்த கீமோவும் கேட்கவில்லை. "இனி பாலியேட்டிவ் கேர் பக்கம் போகலாம், வலியையும் அவஸ்தையையும் தணிக்கும் கவனிப்பு அது" என்று சொல்லி டாக்டர் வலிக்கு மார்ஃபின் சிரப் எழுதிக்கொடுத்தார். வாங்கி வந்து ஒன்பது நாள் ஆகிறது, சீலைக்கூட உடைக்கவில்லை. "அதைக் கொடுத்தால் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டான்" என்கிறார் அத்தை. "அப்பாவைக் கைவிட்டுட்டியா?" என்று அண்ணன் ஃபோனில் கத்துகிறான். அப்பா சாப்பிடுவதும் குறைந்துவிட்டது. நேற்று இரவு, "எனக்குச் சரியாயிடும்ல?" என்று கேட்டார். "ஆயிடும்ப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். நான் என்ன செய்யட்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடிதத்தைப் படித்து முடித்ததும் அந்த பாட்டில்தான் கண்ணுக்குள் நின்றது. என் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது, அம்மாவின் கடைசி மாதங்களில். மற்ற மருந்துகளுக்குப் பின்னால், கண்ணில் படாதபடி தள்ளி வைத்திருந்தேன். வலி வரும்போது அம்மா கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். விரல் முட்டிகள் வெளுத்துப்போகும். சத்தம் மட்டும் போடமாட்டாள், நான் பயந்துவிடுவேன் என்று. 17 நாள் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வீட்டுக்கு வந்த நர்ஸ் கம்பியில் இருந்த கையைப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா இப்படி?" என்று மட்டும் கேட்டார். அன்று மாலை முதல் அளவைக் கொடுத்தோம். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் கை கம்பியை விட்டிருந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி போர்வையில் கிடந்தது. இரண்டு நாள் கழித்து, தலை வாரிவிடச் சொன்னாள். அந்த 17 நாட்களை நினைத்தால் இன்றும் எனக்குத் தாங்காது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அத்தையின் பயம். அது அவருடைய பயம் மட்டுமல்ல, பல வீடுகளில் இருப்பது. மார்ஃபின் என்றால் சாவுக்கு முந்தின மருந்து என்ற எண்ணம். வலிக்குத் தகுந்தபடி, குறைந்த அளவில் ஆரம்பித்து, பார்த்துப் பார்த்துக் கூட்டிக் கொடுக்கும்போது மார்ஃபின் ஆளைக் கொல்வதில்லை, சாவை இழுத்துக்கொண்டு வருவதும் இல்லை. முற்றிய புற்றுநோயின் வலிக்குக் கொடுக்கும்போது போதைக்கு அடிமையாவதும் மிக அரிது. முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கம் இருக்கும், குமட்டலும் வரலாம். பெரும்பாலும் தானாகவே குறையும். அதோடு, பல வாரம் வலியில் தூங்காதவர் வலி விட்டதும் தூங்கித்தானே தீர்ப்பார்? என் அம்மா முதல் நாள் அப்படித் தூங்கியபோது, மூச்சு வருகிறதா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். குறையாமல் கூடவே இருப்பது மலச்சிக்கல் ஒன்றுதான். அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும். உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறாரா, சீட்டை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. வலி தாங்க முடியாமல் போன பிறகு கொடுக்கும் மருந்து அல்ல இது. சாதாரண சிரப் என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி தலைதூக்குமுன் கடிகாரம் பார்த்துக் கொடுப்பது வழக்கம். இடையில் வலி வந்தால் கொடுக்க வேண்டிய கூடுதல் அளவையும் டாக்டரே சொல்லித்தருவார். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இப்படி நேரம் தவறாமல் கொடுக்கும் முறையை நிலைநாட்டியதில் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணிக்குப் பெரும் பங்கு உண்டு. நர்ஸாக இருந்து, முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, மருத்துவமனை சமூகப் பணியாளராகி, மீண்டும் படித்து 1957ல் டாக்டரானவர். 1967ல் லண்டனில், கடைசிக் கட்ட நோயாளிகளைக் கவனிக்கும் இல்லமாக, செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். சாகக் கிடப்பவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் உறவுகளிலும் நம்பிக்கைகளிலும் இருக்கிறது, எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்று அவர் சொன்னார். அப்பா உங்களிடம் கேட்ட கேள்வியும் அந்த வலியில் சேர்த்திதான்.

அண்ணனிடம் என்ன சொல்வது? "இனி செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று ஆஸ்பத்திரிகளில் சொல்லிவிடுகிறார்கள். அதைவிடத் தவறான வாக்கியம் வேறு கிடையாது. வலி, மூச்சுத்திணறல், குமட்டல், படுக்கைப்புண், தூக்கமின்மை, பயம் எல்லாவற்றுக்கும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. நிறுத்துவது நோயை விரட்டும் முயற்சியை மட்டும்தான், மனிதரைக் கவனிப்பதை அல்ல. நியாயமாக இந்தக் கவனிப்பு நோயைக் கண்டுபிடித்த நாளிலிருந்தே கீமோவோடு சேர்ந்து நடக்க வேண்டியது. ஹாஸ்பிஸ் என்பது அதன் கடைசிப் பகுதி, அதைப் பல ஊர்களில் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். 2010ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வை அண்ணனுக்குச் சொல்லுங்கள். உங்கள் அப்பாவைப்போல நுரையீரல் புற்றுநோய் பரவிய நிலையில் இருந்த 151 பேர். வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே பாலியேட்டிவ் கேரும் பெற்றவர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் தீவிர சிகிச்சைகள் குறைவாகவே நடந்தன. அப்படியும் அவர்களின் ஆயுள் நடுமதிப்பு, அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். இது உங்கள் அப்பாவுக்கு இத்தனை நாள் என்ற கணக்கு அல்ல. ஆனால் இதைக் கைவிடுதல் என்று சொல்லக்கூடாது என்பதற்கு இது போதும். தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் குற்ற உணர்ச்சி கோபமாகத்தான் வெளியே வரும். திட்டட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அண்ணனையும் ஃபோனில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் கேள்விகளை அவரே கேட்கட்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாப்பிடாததால் அவர் நலிவதில்லை, நோய் முற்றி உடம்பு நலிவதால் பசி அடங்குகிறது. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும், குமட்டும். கேட்டதை, கேட்ட நேரத்தில், இரண்டு வாய் கொடுத்தால் போதும். உதடும் நாக்கும் காயாமல் ஈரத்துணியால் ஒற்றிவிடுங்கள். அதுவும் ஊட்டுவதுதான்.

"எனக்குச் சரியாயிடும்ல?" உங்களை நான் குறை சொல்லமாட்டேன், நானும் அப்படி எழுந்து போயிருக்கிறேன். அந்தக் கேள்வி மறுபடி வரும். அப்போது பதில் சொல்ல அவசரப்படாமல், "உங்களுக்கு என்ன தோணுதுப்பா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்காக நடித்துக்கொண்டிருப்பார். எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறாரோ அதற்கு மட்டும் பொய் இல்லாமல் பதில் சொல்லுங்கள். நோய் போகாது, வலியைப் பார்த்துக்கொள்வோம், நான் கூடவே இருப்பேன். இந்த மூன்றும் உண்மை. கடைசியில் வெண்டிலேட்டர் வேண்டுமா, எங்கே இருக்க ஆசை, யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் அவர் பேசும் நிலையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. ஐசியு வாசலில் நின்று, அம்மாவுக்குப் பதிலாக நான் முடிவெடுத்தேன்.

கடைசி நாட்களுக்கும் தயாராக இருங்கள். தூக்கம் கூடும், கைகால் சில்லிடும், மூச்சு நின்று நின்று வரும். தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்கலாம். விழுங்க முடியாமல் எச்சில் தங்குவதால் வருவது அது. கேட்பவர்களுக்குத்தான் அது கொடுமை, பெரும்பாலும் அவருக்கு அந்த வேதனை தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நினைவில்லை என்று பேச்சை நிறுத்திவிடாதீர்கள். கனடாவில் ஒரு ஹாஸ்பிஸில் செய்து 2020ல் வெளியிட்ட ஆய்வில், அசைவே இல்லாமல் கிடந்த சிலரின் மூளையிலும் ஒலிக்கு எதிர்வினை பதிவாகியிருக்கிறது.

சரி, இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. டாக்டருக்கு ஃபோன் செய்து, இதுவரை மார்ஃபின் கொடுக்கவே இல்லை என்று தயங்காமல் சொல்லி, அளவை மறுபடி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே முதல் அளவைக் கொடுங்கள். அப்பா எப்படித் தூங்கினார் என்று நாளை எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.