மஞ்சளிக்கும் குட்டை இட்லிப்பூ

கேள்வி: வீட்டு நடைபாதை ஓரம் 20 அடிக்குக் குட்டை இட்லிப்பூ வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. நுனி இலைகள் மஞ்சளாகிவிட்டன, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. யூரியா போட்டும் பலனில்லை. 15 நாளுக்கொருமுறை மட்டமாக வெட்டிவிடுகிறோம், பூவே இல்லை. பிடுங்கிவிட்டு நித்தியகல்யாணி வைக்கலாமா?
- வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: பிடுங்க வேண்டாம், செடியைக் காப்பாற்றிவிடலாம். தழைச்சத்துக் குறைவென்றால் அடி இலைதான் முதலில், நரம்போடு சேர்ந்து முழுசாக வெளுக்கும். நுனித் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருப்பது இரும்புச்சத்துக் குறைவு. அதனால்தான் தழைச்சத்து தரும் யூரியா பலன் தரவில்லை. நடைபாதைச் சிமென்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். அப்போது மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் அதை எடுக்க முடியாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), பிறகு 5 கிராம் அன்னபேதி (இரும்புச்சத்து உப்பான பெரஸ் சல்பேட்) கரையுங்கள். அன்னபேதி இளம்பச்சைப் படிகமாக இருக்க வேண்டும்; பழுப்பாகிப் பொடிந்ததை வாங்காதீர்கள். கரைசலை அன்றைக்கே, வெயில் தாழ்ந்தபின் இலையின் இருபுறமும் தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் 3 முறை போதும். தரையில் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள், டைல்ஸில் பட்டால் துருக்கறை போகவே போகாது. பழைய இலை பச்சையாகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். புதுத்தளிர் என்ன நிறத்தில் வருகிறது என்று பாருங்கள்.

தெளிப்பு முதலுதவிதான். செடிக்கும் சிமென்டுக்கும் நடுவே அரை அடி அகலம், ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுங்கள். உள்ளே கலவைக்கட்டி, செங்கல் துண்டு கிடக்கும், ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள். 2 பங்கு செம்மண், 1 பங்கு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள்.

பூ வராததற்குக் காரணம் உங்கள் கத்தரிதான். இட்லிப்பூ கிளை நுனியில்தான் மொட்டு வைக்கும். 15 நாளுக்கொருமுறை வெட்டினால் மொட்டோடு போய்விடும். ஒரு சுற்றுப் பூத்து வாடியதும் கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டுங்கள், அதன்பின் அடுத்த சுற்றுவரை தொடாதீர்கள்.

நித்தியகல்யாணி உப்புக்காற்றைத் தாங்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நின்றால் தண்டின் அடி கறுத்து அழுகிச் சாய்ந்துவிடும். வைப்பதானால் அரை அடி உயர மேட்டுப்பாத்தியில், முக்கால் அடிக்கு ஒன்றாக வையுங்கள். குட்டை வீரிய ஒட்டுரக (ஹைபிரிட்) நித்தியகல்யாணியில் விதை எடுத்து விதைத்தால் உயரம் ஒன்றுபோல் வராது, வரிசை கெட்டுவிடும்.