அப்பாவின் ஸ்பீக்கரை விற்கும் முன்: எல்.எஸ். 3/5ஏ கேள்வி-பதில்

அப்பா லண்டனில் வேலை பார்த்தபோது 1981-ல் வாங்கிய ரோஜர்ஸ் எல்.எஸ். 3/5ஏ ஜோடி எங்கள் பரணில் இருக்கிறது. பழைய பொருள் எடுப்பவர் மூவாயிரம் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா? (வாசகி, மயிலாப்பூர்)

வேண்டாம் அம்மா. சுமார் 30 செ.மீ. உயரமே உள்ள பெட்டிதான், ஆனால் உலகமெங்கும் தேடி வாங்குகிறார்கள். 1970-களில் பிபிசி பொறியாளர்கள் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களின் நெருக்கடியான இடத்தில் வைத்து ஒலியைச் சரிபார்ப்பதற்காக வடிவமைத்தது இது. பெயரிலுள்ள 3 அந்த வெளிப்புற ஒலிபரப்பைத்தான் குறிக்கிறது. ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் எனப் பலர் உரிமம் பெற்றுச் செய்தார்கள். உள்ளே இருக்கும் பி110 வூஃபரும் (கனத்த ஒலிக்கு) டி27 ட்வீட்டரும் (கூர்மையான ஒலிக்கு) கெஃப் நிறுவனத்தினுடையவை.

பின்பக்கம் ஒட்டியிருக்கும் விவரச் சீட்டைப் பாருங்கள். 1981 என்றால் மின்தடை அளவு 15 ஓம் என்று இருக்க வேண்டும். 11 ஓம் வகை 1980-களின் இறுதியில்தான் வந்தது. இரண்டு பெட்டிகளின் வரிசை எண்களும் ஒன்றையொன்று ஒட்டி வந்தால் அவை பிரியாத ஜோடி, மதிப்பு கூடும். விலை வைக்கும்போது மற்றவர்கள் கேட்கும் தொகையைப் பார்க்காதீர்கள். விற்று முடிந்த தொகையைப் பாருங்கள்.

பெட்டிமேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு (வெனீர்) மங்கிவிட்டது, முன்துணியும் அழுக்கு. பாலிஷ் போட்டு, புதுத் துணி மாற்றி விற்றால் நல்ல விலை வருமா? ட்வீட்டரைச் சுற்றியுள்ள தடித்த ஃபெல்ட் பட்டையும் அசிங்கமாக இருக்கிறது. (கோவை)

இந்தக் கேள்விக்குக் கெஞ்சித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: கை வைக்காதீர்கள். அந்த ஃபெல்ட் அலங்காரம் அல்ல. ட்வீட்டரின் ஒலி பெட்டி விளிம்பில் பட்டுச் சிதறாமல் உறிஞ்சிக்கொள்வதற்காக வைத்தது. முன்துணியும் அப்படித்தான், துணி மாட்டிய நிலையில்தான் ஒலியைச் சமன் செய்திருக்கிறார்கள். வேறு துணி போட்டால் குரல் மாறிவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசு தட்டுங்கள், போதும். கிராஸோவரில் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் மின்சுற்று) கபாசிட்டர் மாற்றச் சொல்லும் நண்பருக்கும் இதே பதில்தான். வேண்டுமானால் வாங்குகிறவர் மாற்றிக்கொள்வார்.

ஒரு ட்வீட்டர் பேசவில்லை. எங்காவது ஒரு டி27 வாங்கி மாட்டிவிட்டு, சொல்லாமல் விற்கலாமா? (மதுரை)

சொல்லாமல் விற்பது தவறு; தெரிந்தவர் காதுக்குத் தெரிந்தும்விடும். 15 ஓம் வகையின் கிராஸோவரில் சிறு மின்மாற்றி ஒன்று உண்டு. அந்தந்த ட்வீட்டரின் பலத்துக்கு ஏற்ப இணைப்பை ஏற்றி இறக்கி வைத்துத்தான் ஆலையிலிருந்து அனுப்பினார்கள். மாட்டினால் மட்டும் போதாது, மறுபடி அளந்து சரிசெய்ய வேண்டும். “ஒரு ட்வீட்டர் வேலை செய்யவில்லை” என்று முதல் வரியிலேயே எழுதி, விலையைக் குறைத்துக் கேளுங்கள். அதற்கும் ஆள் வருவார்.

வாங்குகிறவர் வீட்டுக்கு வந்து கேட்கப் போகிறார். எப்படிக் காட்டுவது? (திருச்சி)

அலமாரிக்குள் திணிக்காமல், சுவரிலிருந்து தள்ளி, ட்வீட்டர் காது உயரத்தில் வருமாறு ஸ்டாண்டில் வையுங்கள். உணர்திறன் (தரும் மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பது) சுமார் 83 டெசிபல்தான், அதனால் சின்ன ஆம்ப்ளிஃபயர் திணறும். அதற்காகச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள், வூஃபர் அடிபடும். முதலில் மோனோவில் (இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி) ஒரு செய்தி வாசிப்பைப் போடுங்கள். குரல் இரண்டுக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஜோடியில் ஏதோ கோளாறு. பிறகு தனி வீணை. மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) இதில் முழுக் கனத்தோடு வராது. அதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். மனிதக் குரலில் இது தரும் உண்மைத்தன்மைக்காகத்தான் அவர் வருகிறார்.

பார்சலில் அனுப்பலாமா? (தூத்துக்குடி)

நேரில் கொடுப்பதே நல்லது. எனக்கு ஒருமுறை வந்த ஜோடியில் ஒரு பெட்டியின் மூலை நசுங்கியே வந்தது, இன்றும் அதைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. வேறு வழியில்லை என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, பெட்டிக்குள் பெட்டியாக, இடையில் இரண்டு அங்குலம் தெர்மாகோலுடன் கட்டுங்கள். முன்துணியைக் கழற்றாமல் அதன்மேல் அட்டை வையுங்கள். மூடுவதற்கு முன் வரிசை எண்களைப் படமெடுத்து வாங்குகிறவருக்கு அனுப்பிவிடுங்கள்.