ஃபாலோயர் இருக்கு, வேலை இல்லையே!

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். இன்ஸ்டாகிராமில் 8,000 ஃபாலோயர்கள். 'சோஷியல் மீடியா எக்ஸிகியூட்டிவ்' வேலைக்கு இன்டர்வியூ போனால் ரீச், யூடிஎம் என்று கேட்கிறார்கள், முழிக்கிறேன். என்ன படித்துக்கொண்டு போவது?
– பட்டதாரி வாசகி, திருப்பூர்

பதில்: ஃபாலோயர் எண்ணிக்கை பயோடேட்டாவில் ஒரு வரி, அவ்வளவுதான். போட்ட பதிவால் என்ன நடந்தது என்று எண்ணை வைத்துப் பேசத் தெரிகிறதா என்றுதான் கம்பெனி பார்க்கும்.

ரீச் என்றால் பதிவைப் பார்த்தவர்கள் எத்தனை பேர். வியூஸ் என்றால் எத்தனை முறை. ஒருவரே மூன்று முறை பார்த்தால் ரீச் 1, வியூஸ் 3. லைக், கமெண்ட், ஷேர், சேவ் நான்கையும் கூட்டி, ரீச்சால் வகுத்து, 100ஆல் பெருக்கினால் எங்கேஜ்மென்ட் ரேட். 20,000 ரீச்சுக்கு 200 வந்தால் 1 சதவீதம். 3,000 ரீச்சுக்கு 180 வந்தால் 6 சதவீதம். ரீச் குறைந்த ரீல் ஏன் எடுபட்டது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள். சிலர் ஃபாலோயர் எண்ணிக்கையால் வகுப்பார்கள். எதால் வகுத்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

யூடிஎம் என்பது லிங்க்கின் வாலில் ஒட்டும் குறிப்பு. வாடிக்கையாளர் எங்கிருந்து வந்தார் என்று, வெப்சைட்டுக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸில் அது காட்டிக்கொடுக்கும். சோர்ஸ் (எந்தத் தளம்), மீடியம் (எந்த வகை வழி), கேம்பெய்ன் (எந்தப் பிரசாரம்) மூன்றையும் நிரப்புங்கள், ஆங்கிலச் சின்ன எழுத்திலேயே. ஒரு லிங்க்கில் பெரிய எழுத்தும் இன்னொன்றில் சின்ன எழுத்தும் வந்தால் இன்ஸ்டாகிராமே இரண்டு வரியாகப் பிரிந்து நிற்கும். மாதக் கடைசி ரிப்போர்ட்டில் கணக்கு உதைக்கும்.

சொந்த அக்கவுண்டில் பழகியவர்கள் தடுக்கி விழுவது பாட்டு விஷயத்தில். பிசினஸ் அக்கவுண்டில் பல சினிமாப் பாட்டுகள் கிடைக்காது. வியாபாரத்துக்குப் பயன்படுத்த உரிமை இல்லை. வேறு ஆப்பில் சேர்த்து ஏற்றினாலும் ஆடியோ மியூட் ஆகலாம், நோட்டீஸும் வரலாம். இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவின் பாட்டுத் தொகுப்பான சவுண்ட் கலெக்‌ஷனில் இருந்து எடுங்கள்.

தமிழ் போஸ்டர் செய்யத் தெரிந்தால் கூடுதல் மதிப்பு. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்பில் 'கொ' உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நின்றால், பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' கொடுத்து, யூனிகோட் ஃபான்ட்டில் அடியுங்கள். (இதைக் கவனிக்காமல் அச்சுக்கே போய்விடும் போஸ்டர்கள் ஊர் முழுக்க உண்டு!)

சான்றிதழ் வேண்டுமென்றால் கூகுளின் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் அனலிட்டிக்ஸ் தேர்வு இலவசம். அதைவிட வலுவானது, தெரிந்த கடை ஒன்றின் பக்கத்தை ஒரு மாதம் பார்த்துக்கொள்வது. அக்கவுண்டை 'புரொஃபஷனல்' ஆக்கினால்தான் இன்சைட்ஸ் (ரீச், வியூஸ் போன்ற எண்கள்) தெரியும். முதல் நாளே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்; ஒப்பிட ஆரம்ப எண் இல்லாவிட்டால் பாடுபட்டதற்குச் சாட்சி இருக்காது.

கேள்வி: கம்பெனி பக்கத்தில் திட்டி வரும் கமெண்டை அழித்துவிடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: உண்மையான புகார் என்றால் கூடாது. அழித்தால் ஸ்கிரீன்ஷாட்டாகத் திரும்பி வரும். கமெண்டின் கீழேயே வருத்தம் தெரிவித்து, ஆர்டர் எண்ணை இன்பாக்ஸில் கேளுங்கள். போன் நம்பரைப் பொதுவில் கேட்டால், அதைப் பார்த்து மோசடிக்காரர்கள் 'கஸ்டமர் கேர்' என்று அழைப்பார்கள். கெட்ட வார்த்தை இருந்தால் மட்டும் தாராளமாக மறைத்துவிடுங்கள்.