வாக்ஸ் மறுபடி எப்போ? தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து வண்டிக்காரர்களின் கேள்வி பதில்

பெயின்ட் மேல்பூச்சு பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். எஞ்சின், டயர், இன்ஷூரன்ஸ் எல்லாம் வேறு ஆளிடம் கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணே, வெள்ளை போலோ, ராத்திரி பகல் வெளியிலதான் நிக்குது. டப்பாவுல ஆறு மாசம்னு போட்டிருக்கான். நெசமா எத்தனை மாசத்துக்கு ஒருதரம் வாக்ஸ் போடணும்?

டப்பாவில் போட்டிருப்பது நிழலில் நிற்கும் வண்டிக்கான கணக்கு. உங்கள் வண்டி வெயிலிலும் உப்புக்காற்றிலும் நிற்கிறது. கார்னௌபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. அதில் செய்த பேஸ்ட் வாக்ஸ் டர்பனில் வெளியில் நிற்கும் வண்டியில் ஆறிலிருந்து எட்டு வாரம் தாங்கும், கராஜில் நின்றால் மூன்று மாதம். பாலிமர் சீலன்ட் (மெழுகுக்குப் பதிலாகப் போடும் செயற்கைப் பூச்சு) என்றால் வெளியில் நான்கு மாதம், உள்ளே ஆறு மாதம். ஸ்ப்ரே வாக்ஸ் மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நிற்காது.

தலைவலி வேண்டாம் என்றால் சீலன்ட் வாங்கி, சித்திரையில் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை போடுங்கள். சித்திரையில் இங்கே கோடை மழை ஓய்ந்து கரும்பு எரிக்கிற காலம் தொடங்கும். புரட்டாசி முடிந்தால் மறுபடி மழை வலுக்கும். விரதத்தை மறக்காதவர்கள் வாக்ஸையும் மறக்க மாட்டீர்கள்.

இன்னொன்று. வாக்ஸ் வண்டி முழுக்க ஒரே சமயத்தில் போய்விடாது. வெயில் நேரே விழும் பானெட், கூரை, பூட் மூடி மூன்றிலும்தான் முதலில் போகும். கதவுகளில் இன்னும் பாதி மிச்சம் இருக்கும். அதனால் நடுவில், ஜனவரி வாக்கில், அந்த மூன்றுக்கு மட்டும் ஒரு கை போடுங்கள். இருபது நிமிட வேலை.

வெருலத்திலிருந்து ஒரு அக்கா: புது கார் எடுத்து கோயில்ல பூஜை போட்டோம். பானெட்ல சந்தனம், குங்குமம். ஒரு வாரம் கழிச்சு கழுவினா ரோஸ் கலர்ல வட்டமா நிக்குது. என்ன செய்ய?

அக்கா, மஞ்சளாக இருந்தால் கவலையே இல்லை, வெயிலில் தானே வெளுத்துவிடும். கடையில் விற்கும் குங்குமத்தில் பெரும்பாலும் சாயம் கலந்திருக்கிறது, அதுதான் வெள்ளைப் பெயின்ட்டில் ஏறி நிற்கிறது. முதலில் ஈரத்துணியை அந்த இடத்தில் பத்து நிமிடம் போட்டு ஊறவிட்டு, கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். போகாவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் தொட்டு, அழுத்தாமல் துடையுங்கள். ஆல்கஹால் சாயத்தோடு வாக்ஸையும் எடுத்துவிடும், ஆகவே அந்தக் கையளவு இடத்துக்கு மறுபடி போட வேண்டும்.

அடுத்த வண்டி எடுக்கிறவர்களுக்கு: பூஜைக்கு முந்தின நாளே வாக்ஸ் போடலாம். ஃபாக்டரி பெயின்ட் 140 டிகிரி அளவில் சூளையில் வெந்து வருவது, காத்திருக்க வேண்டியதில்லை. பொட்டைக் கண்ணாடியில் வையுங்கள், சாமி ஒன்றும் சொல்லாது. சக்கரத்தில் நசுங்கும் எலுமிச்சையால் டயருக்குக் கெடுதல் இல்லை. தேங்காய்த் தண்ணீர் பம்பரில் தெறித்தால் அன்றைக்கே அலசிவிடுங்கள், சர்க்கரை ஒட்டும். கற்பூரத்தை மட்டும் பானெட் மேல் வைத்து ஏற்ற வேண்டாம். அந்தச் சூட்டில் விழும் வெள்ளை வட்டத்துக்கு மருந்து கிடையாது, பெயின்டரிடம்தான் போக வேண்டும்.

துடைக்கிற துணி தரையில் விழுந்தால் அதை ஒதுக்கிவிட்டு வேறு துணி எடுங்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: இடிச்சு கதவுக்கு மறு பெயின்ட் அடிச்சிருக்கு. உடனே வாக்ஸ் போடலாமா?

கூடாது. மறு பெயின்ட்டில் இருக்கும் சால்வென்ட் வெளியேற வேண்டும். 60 நாள் பொறுங்கள், அதுவரை தண்ணீரும் ஷாம்புவும் மட்டும்.

டோங்காட், பக்கி (பின்னால் சரக்குத் தொட்டி உள்ள பிக்கப் வண்டி) வைத்திருப்பவர்: கரும்பு எரிக்கிற மாசத்துல காலையில வண்டி மேல கரிச்சாம்பல் படலமா கிடக்குது. இறகு டஸ்டரால தட்டி விடுறேன். ஆனா பெயின்ட்ல மெல்லிசா கோடு கோடா விழுது.

கோடு போடுவது உங்கள் டஸ்டர்தான், தம்பி. கரும்புச் சோகை எரிந்த சாம்பலில் மணல் மாதிரி சிலிக்கா இருக்கிறது. உலர்ந்தபடியே தட்டினால் எமரித்தாள் போட்ட மாதிரிதான். ஹோஸ் பைப்பால் மேலிருந்து கீழே தண்ணீர் விட்டு அலசுங்கள், கை படவே கூடாது. லேசான தூறலில் நனைந்த சாம்பல் இன்னும் மோசம், அது காரத்தன்மை உள்ளது, வெயில் ஏறியதும் கறையாகப் படியும். வாக்ஸ் இருந்தால் முக்கால்வாசி தண்ணீரோடு வழிந்து போய்விடும். ஆலை ஓடும் மாதங்களில், ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிய கையோடு ஸ்ப்ரே வாக்ஸ் அடியுங்கள். அடியில் இருக்கிற சீலன்ட்டுக்கு அது குடை.

அமன்சிம்டோட்டி: கடலுக்கு எதிரே வீடு. எத்தனை மாசத்துக்கு ஒருதரம்?

முதல் பதிலைப் பாருங்கள். கடலோரத்தில் துரு கீழ்த்தட்டிலும் கதவின் அடி மடிப்பிலும்தான் தொடங்கும், வாக்ஸ் அங்கே எட்டாது. வாரம் ஒருமுறை சக்கர வளைவுக்குள்ளும் அடியிலும் தண்ணீர் அடியுங்கள்.

ஃபீனிக்ஸ்: எட்டு மாசமாச்சு, தண்ணி இன்னும் மணி மணியா நிக்குது. அப்போ வாக்ஸ் இருக்குன்னுதானே அர்த்தம்? மாசக் கணக்கெல்லாம் கடைக்காரன் ஏமாத்து.

கடைக்காரனைப் பற்றி நான் சண்டைக்கு வரவில்லை, மணியைப் பற்றி வருகிறேன். உங்கள் ஷாம்பு பாட்டிலில் ‘வாஷ் அண்ட் வாக்ஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது ஒவ்வொரு கழுவலிலும் மெல்லிய படலம் ஒன்றை விட்டுச் செல்லும், தண்ணீர் மணியாக நிற்கும், ஒரு மழையில் போய்விடும். மறுபுறம், வாக்ஸ் இருந்தும் மேலே அழுக்குப் படலம் இருந்தால் தண்ணீர் மணியாகாமல் பரந்து கிடக்கும். ஆகவே சோதிக்கிற விதம் இது: சாதாரண ஷாம்புவால் நன்றாகக் கழுவி, அலசி, ஒரு குவளைத் தண்ணீரை பானெட் நடுவில் ஊற்றுங்கள். சின்னச் சின்ன உருண்டையாகச் சட்டென்று ஓடினால் வாக்ஸ் இருக்கிறது. ஓரம் நெளிந்து, தட்டையாக, நகராமல் கிடந்தால் போய்விட்டது. பானெட்டையும் கதவையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அதே ஃபீனிக்ஸ்: பாத்திரம் கழுவுற லிக்விட்ல கழுவினா வாக்ஸ் போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க. நான் போன வாரம் அதுலதான் கழுவினேன். இன்னும் மணியாதான் நிக்குது. இப்ப என்ன சொல்றீங்க?

நீங்கள் சொல்வது பாதி சரி. ஒரே கழுவலில் வாக்ஸ் மொத்தமும் போய்விடும் என்பது மிகைதான். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கத்தான் அந்த லிக்விட்டையே செய்கிறார்கள், மெழுகு அதற்கு நண்பன் இல்லை. வாராவாரம் அதில் கழுவினால் எட்டு வாரம் நிற்க வேண்டியது மூன்று வாரத்தில் மெலிந்துவிடும். பத்து லிட்டர் வாளிக்கு இரண்டு மூடி கார் ஷாம்பு போதும், அதில் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?

குறுக்கே ஒருவர், அம்ஷ்லாங்காவிலிருந்து: மணியா நிக்கிறதே தப்பு. ஒவ்வொரு துளியும் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவிச்சு பெயின்ட்டை எரிச்சிடும்.

எரிக்காது. தட்டையான தகட்டில் உட்கார்ந்திருக்கும் துளி வெளிச்சத்தைக் குவிக்கும் புள்ளி பெயின்ட்டுக்குக் கீழே வெகு தூரத்தில் விழும். நீங்கள் பார்க்கிற வட்டத்தழும்பு, துளி உலர்ந்த பிறகு தங்கிய உப்பும் சுண்ணாம்பும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு நிமிடம் வைத்து அலசினால் புதுத்தழும்பு போகும்.

ஃபீனிக்ஸ்: அப்ப மணியா நின்னா நல்லதா கெட்டதா? ஒண்ணு சொல்லுங்க.

கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால் கெட்டது. துண்டால் ஒற்றி எடுத்தால் நல்லது. இந்தச் சண்டையை இதோடு முடித்துக்கொள்வோம்.

இசிபிங்கோ: எத்தனை மாசத்துக்கு ஒருதரம் போடணும் அண்ணே?

சித்திரை, புரட்டாசி.

லெனேசியா, ஜோபர்க்: ஆலங்கட்டி மழையிலிருந்து வாக்ஸ் காப்பாத்துமா?

காப்பாற்றாது. கல்லடிக்கும் கீறலுக்கும் அது கவசம் இல்லை. மேல்பூச்சான கிளியர்கோட்டே 40, 50 மைக்ரான்தான், வாக்ஸ் படலம் அதில் ஒரு சிறு பங்குகூட வராது. ஜோபர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம், புற ஊதா எங்களைவிட உங்களுக்குக் கடுமை. உப்பு இல்லை என்று சந்தோஷப்படாமல், கார்னௌபா என்றால் இரண்டு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மெர்பேங்க்: கழுவின பிறகும் பெயின்ட் சொரசொரன்னு இருக்கு. அது மேலயே வாக்ஸ் போடலாமா?

போட்டால் அழுக்கை மூடி சீல் வைத்த மாதிரி. மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பானெட்டைத் தடவுங்கள். மணல் மாதிரி பட்டால் ஆலைப் புகைத்துகளும் பிரேக் இரும்புத்தூளும் ஒட்டியிருக்கின்றன. கிளே பார் (ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி) வேண்டும். ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, நேர்கோட்டில் முன்னும் பின்னும் இழுங்கள். சத்தம் நின்று வழுக்கத் தொடங்கினால் போதும். வருஷத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். கிளே துண்டு தரையில் விழுந்தால் குப்பைக்கூடைதான். துணிக்குச் சொன்னதே இதற்கும்.

ஸ்டேங்கர்: ரெண்டு கோட் போட்டேன், கறுப்பு வண்டி. திட்டுத்திட்டா மங்கலா இருக்கு. தேய்ச்சு தேய்ச்சு கை வலிக்குது.

அதிகம் போட்டுவிட்டீர்கள். ஒரு பானெட்டுக்கு ஐந்து ராண்ட் நாணய அளவு போதும், முழு வண்டிக்கு ஒரு மேசைக்கரண்டி. ஸ்பாஞ்சை முதலில் லேசாக ஈரமாக்கிப் பிழிந்து, பெயின்ட்டில் பனி படர்ந்த மாதிரி மெல்லிசாக இழுங்கள். பாதி பானெட், அப்புறம் மறுபாதி. விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்: கோடு தெளிவாகப் பளிச்சென்று விழுந்தால் துடைக்கலாம், பிசுபிசுவென்று இழுபட்டால் இன்னும் உலரவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஐந்து நிமிடம் என்று டப்பா சொன்னால் பத்து, பதினைந்து ஆகும். இப்போதைய மங்கலுக்கு: நிழலில், அதே வாக்ஸை மிக மெல்லிசாக மேலே தடவி உடனே துடையுங்கள், பழைய படிவு இளகி வந்துவிடும். இரண்டாவது கோட் விட்டுப்போன இடத்தை மூடத்தான். மூன்றாவது கோட்டால் எந்த லாபமும் இல்லை.

பைன்டவுன்: கறுப்பு பிளாஸ்டிக் ஓரத்துல வெள்ளையா ஒட்டிக்கிச்சு.

பள்ளிக்கூட ரப்பரால் அழியுங்கள். அடுத்த முறை மாஸ்கிங் டேப்.

கிளேர்உட்: சிராமிக் கோட்டிங் போட்டாச்சு. மேல வாக்ஸ்?

வேண்டாம். கொடுத்த காசு மெழுகுக்கு அடியில் போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிலிக்கா ஸ்ப்ரே.

வெஸ்ட்வில்: மாமா, ஹடிடா பறவை தினமும் வண்டி மேல எச்சம் போடுது. வாக்ஸ் போட்டும் தழும்பு விழுந்திடுச்சு.

வாக்ஸ் நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். வெயிலில் பெயின்ட் சூடாகி இளகி விரியும். மேலே காய்ந்த எச்சம் கல்லாக நிற்கும். சாயங்காலம் பெயின்ட் சுருங்கும்போது அந்த வடிவத்திலேயே இறுகிவிடும், அமிலம் ஒரு பக்கம் வேலை செய்யும். வண்டிக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலும் பழைய துணியும் வையுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி ஐந்து நிமிடம், பிறகு தேய்க்காமல் அள்ளி எடுங்கள். அந்தத் துணியை மறுபடி பெயின்ட்டில் வைக்க வேண்டாம்.

குவாமாஷு சாலைப் பக்கம்: எத்தனை மாசம்…

மேலே மூன்று இடத்தில் இருக்கிறது.

சாட்ஸ்வொர்த், முதலில் கேட்டவரே: அண்ணே, சீலன்ட் வாங்கிட்டேன். இப்ப மணி ஒண்ணு, கழுவி முடிச்சாச்சு, பானெட் கை வைக்க முடியல. போட்டுடவா?

வேண்டாம். ஐந்து மணிக்கு மறுபடி ஒரு அலசு அலசி, ஒற்றி எடுத்து, நிழலில் நிறுத்திப் போடுங்கள். துணியைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், கீழே வைக்காதீர்கள்.