சந்தேகம் யார் மேல் விழுகிறது? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

விளையாட்டில் பாலினம், நிறம், ஏற்றத்தாழ்வு பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தடகளம் சொல்லிக்கொடுக்கிறவன். உங்கள் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை.

உலகத்தில் மிச்சமிருக்கிற நியாயமான இடம் ஓடுதளம் ஒன்றுதான். ஸ்டாப்வாட்சுக்கு நிறம் தெரியாது. அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அது கேட்காது. வேகமாக ஓடினால் ஜெயிக்கலாம். ஜமைக்காவும் கென்யாவும் எத்தியோப்பியாவும் பதக்கம் குவிக்கிற இடத்தில் நிறவெறி எங்கே வந்தது? பெண்கள் விளையாட்டில் பணம் குறைவு என்கிறீர்கள். பார்க்க ஆளில்லை, அதனால் பணமில்லை. இது சந்தைக் கணக்கு. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் உடம்பில் இயற்கையாகவே அதிகம் என்று தடுக்கப்பட்ட தென்னாப்பிரிக்க ஓட்டக்காரி காஸ்டர் செமெனியா விஷயத்திலும் நீங்கள் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறீர்கள். பெண்கள் பிரிவு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் எல்லை வேண்டாமா?

கடைசியாக ஒன்று. சமீபத்தில் என் மாணவி ஒருத்தி 800 மீட்டரில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தாள். இரண்டாவதாக வந்த பெண்ணின் பெற்றோர் என்னிடம் வந்து, "அது பொண்ணுதானா, செக் பண்ணுங்க சார்" என்றார்கள். ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். மறுபடி வந்தால் என்ன சொல்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு பயிற்சியாளர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்குப் பதில் சொல்ல, மற்றவற்றையும் பேசியாக வேண்டும்.

ஸ்டாப்வாட்ச் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் துப்பாக்கி சுட்ட பிறகுதான் அது ஓட ஆரம்பிக்கிறது. கோட்டில் யார் நிற்கலாம் என்பதை அதற்கு முன்பே மனிதர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல் தடவையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஓடி உலக சாதனையோடு ஜெயித்தார். மறுநாள் பத்திரிகைகள் எழுதியது சாதனையைப் பற்றி இல்லை. பெண்கள் களைத்து விழுந்துவிட்டார்கள், பார்க்கவே பரிதாபமாக இருந்தது என்று இல்லாததையும் சேர்த்து எழுதினார்கள். அதோடு அந்தப் பந்தயத்தையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்தார்கள். 1960 வரை திரும்பி வரவில்லை. 20 வருடம் முன்னால், 1908 லண்டன் மாரத்தானில் இத்தாலியின் டொராண்டோ பியெத்ரி கடைசிச் சுற்றில் திரும்பத் திரும்ப விழுந்தார். கைத்தாங்கலாகக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள், அதனால் தகுதியிழந்தார். அவருக்கு இங்கிலாந்து அரசி வெள்ளிக் கோப்பை பரிசளித்தார். ஆண் விழுந்தால் அது வீரம். பெண் மூச்சு வாங்கினால் முப்பது வருடத் தடை.

பார்க்க ஆளில்லை என்ற வாதத்துக்கும் இதே மாதிரி ஒரு முன்கதை இருக்கிறது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் ஒரு தொழிற்சாலைப் பெண்கள் அணி கால்பந்து ஆடியது. டிக் கெர் பெண்கள் அணி என்று பெயர். பார்க்க வந்தவர்கள் சுமார் 53,000 பேர். இன்னும் ஆயிரக்கணக்கானோர் உள்ளே இடமில்லாமல் வெளியே நின்றார்கள். ஒரு வருடம்கூட முழுதாகக் கழியவில்லை. 1921 டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன் கட்டுப்பாட்டில் உள்ள மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாத ஆட்டம் என்றார்கள். அந்தத் தடை சுமார் 50 ஆண்டுகள் நீடித்தது. இரண்டு தலைமுறைக்கு மைதானத்தைப் பூட்டி வைத்துவிட்டு, கூட்டம் வரவில்லையே என்று கேட்பதைச் சந்தைக் கணக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பணத்தைப் பற்றி இவ்வளவு போதும். உங்கள் கடிதத்தில் அதைவிடக் கனமான விஷயம் இருக்கிறது.

கறுப்பினத்தவர் பதக்கம் குவிக்கிறார்கள், நிறவெறி எங்கே என்று கேட்கிறீர்கள். அந்த வெற்றி எப்படிப் பேசப்படுகிறது என்று கவனித்துப் பாருங்கள். 2020-இல் ஐரோப்பியக் கால்பந்து லீக்குகளின் ஆங்கில வர்ணனைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். வெளுத்த நிறத்தவர் நன்றாக ஆடினால் புத்திசாலித்தனம், உழைப்பு என்ற பாராட்டு அதிகம் வந்தது. கறுத்த நிறத்தவருக்கு வலிமை, வேகம். நீங்கள் பயிற்சியாளர், உங்களுக்குத் தெரியும். 800 மீட்டர் ஓடுவதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது! முதல் சுற்றை எத்தனை விநாடியில் முடிப்பது, யாருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வது, எங்கே வெளியே வந்து முந்துவது. அதையெல்லாம் கழித்துவிட்டு 'உடம்பு அப்படி' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அந்தப் பாராட்டுக்குள்ளேயே ஒரு குற்றச்சாட்டு உட்கார்ந்திருக்கிறது. உழைத்து வாங்கியதில்லை, உடம்பிலேயே இருந்தது என்ற குற்றச்சாட்டு. ஓடுவது பெண்ணாக இருந்தால் அடுத்த கேள்வி தானாக வருகிறது: இந்த உடம்பு பெண்ணுடையதுதானா? பாலினம் ஒரு பக்கம், நிறம் ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் பேசினால் இந்த இடம் கண்ணில் படாது. இரண்டும் ஒரே ஆள் மேல் விழுகிற இடம் இது.

ரியோ 2016. பெண்கள் 800 மீட்டரில் தென்னாப்பிரிக்காவின் செமெனியா தங்கம், புருண்டியின் ஃபிரான்சின் நியோன்சாபா வெள்ளி, கென்யாவின் மார்கரெட் வாம்புய் வெண்கலம். ஐந்தாவதாக வந்த போலந்து வீராங்கனை, தான்தான் முதல் ஐரோப்பியர், இரண்டாவது வெள்ளையர் என்பதில் மகிழ்ச்சி என்று பேட்டி கொடுத்தார். ஹார்மோனைப் பற்றிய பேச்சு நிறத்துக்குப் போக ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

சரி, எல்லைக்கு வருவோம். பெண்கள் பிரிவுக்கு எல்லை வேண்டும். இதில் நான் உங்களோடு இருக்கிறேன். பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் தசையையும் எலும்பையும் வளர்க்கிறது. ஆண்களும் பெண்களும் ஒன்றாக ஓடினால் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் பெண்ணே இருக்க மாட்டார். அந்தப் பிரிவு இருப்பதால்தான் கோடிக்கணக்கான பெண் குழந்தைகள் ஓட வருகிறார்கள். பிறவியிலேயே பால் அடையாளங்கள் கலந்து அமைந்த சிலரை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பது நிஜமாகவே கடினமான கேள்வி. என் கோபம் அந்தக் கேள்வி மேல் இல்லை. அதற்கு விடை தேடிய விதத்தின் மேல்.

1966 புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் பெண்களை மருத்துவர்கள் முன் நிர்வாணமாக நடக்க வைத்தார்கள். 1968-இலிருந்து ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை வந்தது. ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பட்டீனோ 1985-இல் அதில் மாட்டினார். வழக்கமாக ஆண்களுக்கு இருக்கிற XY குரோமோசோம் அவருக்கு இருந்தது. ஆனால் அவர் உடலால் டெஸ்டோஸ்டிரோனைப் பயன்படுத்திக்கொள்ளவே முடியாது. அதாவது அதனால் அவருக்கு ஒரு துளி லாபமும் இல்லை. பதக்கங்கள், உதவித்தொகை எல்லாம் போயின. போராடித்தான் திரும்ப ஓட வந்தார். 1996 அட்லாண்டாவில் 3,387 பெண்களைச் சோதித்ததில் 8 பேருக்கு முடிவு மாறாக வந்தது. எட்டுப் பேரையும் ஓட அனுமதித்தார்கள். 1999-இல் ஒலிம்பிக் குழு எல்லாருக்குமான சோதனையைக் கைவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் மோசம். சோதனை எல்லாருக்கும் இல்லை, 'சந்தேகம் வந்தால்' மட்டும் என்று ஆனது. சந்தேகம் யாருக்கு வரும்? பார்க்கிறவர் கண்ணுக்கு. அந்தக் கண்ணுக்குப் பெண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் உருவம் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. தட்டையான மார்பு, அகன்ற தோள், குட்டை முடி, கறுத்த தோல் எல்லாம் அந்த உருவத்துக்கு வெளியே நிற்கிறவை. 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற சாந்தி சௌந்தரராஜனுக்கு நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். பாலினச் சோதனையைக் காட்டிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். மருத்துவரின் அறைக்குள் இருக்க வேண்டிய செய்தி டிவியில் ஓடியது. அவர் பக்கம் வாதாட ஒரு வக்கீலைக்கூட யாரும் ஏற்பாடு செய்யவில்லை. எட்டு வருடம் கழித்து அதே நிலைமை ஒடிசாவின் ஓட்டக்காரி டூட்டி சந்துக்கு வந்தது. இந்தத் தடவை துணைக்கு ஆள் இருந்தது. வழக்கு ஸ்விட்சர்லாந்தின் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை போனது. டெஸ்டோஸ்டிரோன் அதிகம் உள்ள பெண்களைத் தடுத்த அந்த விதியையே 2015-இல் நிறுத்தி வைத்தார்கள். சாந்திக்கு அந்த வழி காட்டப்படவே இல்லை. பதக்கமும் இன்று வரை திரும்பி வரவில்லை.

செமெனியா விஷயத்தில் நான் உணர்ச்சிவசப்பட்டேன் என்கிறீர்கள். ஆமாம். 2009-இல் பெர்லின் உலகத் தடகளப் போட்டியில் அவருக்கு வயது 18. அவரைச் சோதிக்கிறார்கள் என்ற செய்தி இறுதிப் போட்டிக்குச் சில மணி நேரம் முன்பு வெளியே வந்தது. அதைத் தாங்கிக்கொண்டு 1:55.45-இல் ஓடினார். ஆனால் என் வாதம் உணர்ச்சியில் நிற்கவில்லை, விதியில் நிற்கிறது. 2017-இல் சர்வதேசத் தடகளச் சம்மேளனத்தின் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் அதிக டெஸ்டோஸ்டிரோன் உள்ள பெண்களுக்கு மிகப் பெரிய சாதகம் தெரிந்தது சங்கிலிக் குண்டு எறிதலில். அடுத்தது கோலூன்றித் தாண்டுதல். 400, 800 மீட்டரிலும் ஓரளவு தெரிந்தது. 1,500 மீட்டரில் தெரியவில்லை. டெஸ்டோஸ்டிரோனுக்கு வரம்பு வைத்து 2018-இல் புது விதி வந்தபோது என்ன ஆனது? சங்கிலிக் குண்டும் கோலூன்றித் தாண்டுதலும் பட்டியலில் இல்லை. 400 முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்கள் மட்டும் இருந்தன, 1,500 உட்பட. செமெனியா ஓடிய தூரங்கள். 2021-இல் அதே ஆய்வாளர்கள், தங்கள் கட்டுரையின் சில வரிகள் காரண-விளைவு உறவு நிரூபணமானது போன்ற தவறான எண்ணத்தைத் தரக்கூடும் என்று திருத்தம் வெளியிட்டார்கள். அதற்குள் டோக்கியோ ஒலிம்பிக்கே நடந்து முடிந்துவிட்டது.

2019-இல் லொசான் நடுவர்கள், விதி பாரபட்சமானதுதான், ஆனால் தேவையானது என்று இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொன்னார்கள். 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, செமெனியாவுக்கு ஸ்விட்சர்லாந்தில் நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. விதி சரியா தவறா என்பதற்குள் அது போகவில்லை. அவருடைய ஓட்ட வயது அதற்குள் முடிந்துவிட்டது.

இதையெல்லாம்விட என்னைத் தூங்கவிடாதது 2013-இல் வந்த ஒரு மருத்துவக் கட்டுரை. வளரும் நாடுகளின் கிராமங்களிலிருந்தும் மலைப் பகுதிகளிலிருந்தும் வந்த நான்கு விளையாட்டு வீராங்கனைகள், வயது 18-இலிருந்து 21-க்குள். பிரான்சில் அவர்களுடைய உள் பாலுறுப்புச் சுரப்பிகளை அகற்றி, வெளி உறுப்பிலும் ஒரு பகுதியை வெட்டினார்கள். சுரப்பிகள் இருந்ததால் உடல்நலத்துக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். உகாண்டாவின் ஆனெட் நெகேசாவும் 2012-இல் தனக்கு நடந்த அறுவை சிகிச்சையைப் பற்றி 2019-இல் வெளிப்படையாகப் பேசினார். என்ன செய்யப் போகிறார்கள் என்று சரியாகப் புரியாமலேயே சம்மதித்தேன் என்றார். இதில் தனக்குப் பங்கில்லை என்று சம்மேளனம் மறுத்திருக்கிறது. நண்பரே, வெளுத்த நிறமும் பணமும் வக்கீலும் உள்ள ஒரு வீட்டுப் பெண்ணிடம் இதைக் கேட்டிருப்பார்களா? எல்லை வேண்டும் என்று நீங்களும் நானும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த எல்லையைக் காப்பாற்றிய செலவு இவர்கள் உடம்பிலிருந்து போயிருக்கிறது.

2025 செப்டம்பரிலிருந்து, இப்போது உலகத் தடகளம் என்று பெயர் மாறியிருக்கிற அதே சம்மேளனம், உலகப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் கலந்துகொள்கிற எல்லாருக்கும் ஒரு முறை மரபணுச் சோதனை என்று கொண்டுவந்திருக்கிறது. எல்லாருக்கும் என்பதால் கண் பார்த்து ஆள் பிடிப்பது குறையும். அந்த அளவுக்கு முந்தையதைவிட மேல். ஆனால் அந்தச் சோதனை தேடுகிற, Y குரோமோசோமில் உள்ள SRY என்ற மரபணுவைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ சின்க்ளேரே, இதை வைத்து ஒருவரின் பாலைத் தீர்மானிக்க முடியாது என்று எதிர்த்திருக்கிறார். முடிவு மாறாக வந்தால் அந்தப் பெண்ணுக்கு அதை யார் எடுத்துச் சொல்வார்கள், எந்த மொழியில், பக்கத்தில் யார் இருப்பார்கள்? நல்ல மருத்துவமனை இருக்கிற நாட்டில் இதற்கு ஒரு பதில் கிடைக்கும். மற்ற இடங்களில் செய்தி முதலில் ஊருக்குத் தெரியும், பிறகு அவளுக்கு.

இப்போது உங்கள் மாணவி. 2022-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பள்ளிப் போட்டி ஒன்றில் ஒரு சிறுமி ஜெயித்தாள். இரண்டாம், மூன்றாம் இடம் வந்த பிள்ளைகளின் பெற்றோர் புகார் கொடுத்தார்கள். பள்ளி விளையாட்டுச் சங்கம் அவள் வீட்டுக்குச் சொல்லாமலேயே, மழலையர் வகுப்பு வரைக்கும் பின்னால் போய் அவளுடைய பதிவேடுகளைத் தோண்டியது. எல்லாவற்றிலும் பெண் என்றே இருந்தது. ஒரு புகார் ஏட்டில் ஏறினால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆகவே அந்தப் பெற்றோர் மறுபடி வந்தால், எழுதிக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தட்டிக்கழிக்க அது சுலபமான வழியாகத் தோன்றும், ஆனால் காகிதம் உங்கள் கையை விட்டுப் போய்விடும். பள்ளிச் சேர்க்கையில் என்ன இருக்கிறதோ அதன்படி அவள் ஓடுகிறாள், அதற்கு மேல் கேட்க எனக்கும் உரிமையில்லை, உங்களுக்கும் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். மழுப்பினால் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு எதுவும் கேட்காதீர்கள். முடியை வளர்த்துக்கொள், கம்மல் போட்டுக்கொள் என்று நல்ல எண்ணத்தில்கூடச் சொல்லாதீர்கள். உடன் வேலை பார்க்கும் ஆசிரியர்கள் யாராவது சிரித்துப் பேசினால் அங்கேயே நிறுத்துங்கள்.

இரண்டாவதாக வந்த பெண்ணையும் விட்டுவிடாதீர்கள். முதல் 400-ஐ எத்தனை விநாடியில் ஓடினாள், எந்த இடத்தில் இடைவெளி விழுந்தது என்று அவள் பெற்றோரிடம் டைமிங்கை எடுத்துக் காட்டுங்கள். அடுத்த மூன்று மாதத்துக்கு அவளுக்கு என்ன பயிற்சி என்று எழுதிக் கொடுங்கள்.