பூக்கிறது, காய் நிற்கவில்லை: சித்திரை வெயிலில் பூசணி, பீர்க்கு

கேள்வி: ஆந்திராவில் நகரி பக்கத்தில் இருக்கிறோம். தறிக் கொட்டகையை ஒட்டியுள்ள இடத்தில் மாசியில் பூசணி, பீர்க்கு, தக்காளி போட்டேன். கொடி நன்றாக ஓடுகிறது. தினமும் பூக்கிறது, ஆனால் எல்லாம் கொட்டிவிடுகிறது. வருகிற ஒன்றிரண்டு பிஞ்சும் மஞ்சளாகி விழுகிறது. தக்காளியிலும் பூ நிற்கவில்லை. காலை, மாலை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுகிறேன். என்ன உரம் போடலாம்?

பதில்: வணக்கம் அம்மா. கொடி இப்படி ஓடும்போது உரம் வேண்டாம். முக்கியமாக யூரியா போடாதீர்கள், இலைதான் பெருக்கும்.

நாளைக் காலை பூசணிப் பூவின் அடியைப் பாருங்கள். வெறும் காம்பு இருந்தால் ஆண் பூ, கோலிக்குண்டு போலப் பிஞ்சு இருந்தால் பெண் பூ. கொடியில் முதலில் வருவது ஆண் பூதான். வெயில் ஏறி, பகல் நீளும்போது அது இன்னும் கூடும். ஒருநாள் மலர்ந்து உதிர்வது அதன் இயல்பு. அதற்காகக் கவலைப்படாதீர்கள்.

பிஞ்சு விழுவதைத்தான் கவனிக்க வேண்டும். விழுந்ததை அறுத்துப் பாருங்கள். உள்ளே புழு இருந்தால் பழ ஈயின் வேலை. அப்படிப்பட்டவற்றை உடனுக்குடன் பொறுக்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். புழு இல்லாமல் சூம்பியிருந்தால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை. தேனீ வராத இடத்தில் அதை நாமே செய்யலாம். ஆண் பூவின் இதழைக் கிள்ளி எடுத்துவிட்டு, நடுவில் மஞ்சள் பொடியோடு நிற்கும் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள்.

இதில் நேரம் தவறக்கூடாது. பூசணி விடியற்காலையில் மலர்ந்து வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். பீர்க்கு மாலையில் மலர்வது. காலையில் போய்த் தடவினால் பலன் இருக்காது. சாயங்காலம் பூ விரிந்த பிறகு செய்யுங்கள். பின்னால் சுரை, புடலை போட்டாலும் இதே அந்தி நேரம்தான். பாகல், வெள்ளரி, தர்பூசணிக்குக் காலை. பூ விரிந்திருக்கும் நேரத்தில் எந்த மருந்தும் அடிக்காதீர்கள், வருகிற ஒன்றிரண்டு தேனீயும் போய்விடும்.

தக்காளியின் சிக்கல் வேறு. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுக்கமாக இருந்தால் அதன் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். நீங்கள் கையால் தடவினாலும் பிடிக்காது. செடி திடமாக இருந்தால் பிடுங்க வேண்டாம். மதிய வெயிலுக்கு நிழல்வலையோ பழைய வேட்டியோ கட்டிக் காப்பாற்றுங்கள். வெக்கை தணிந்ததும் புதுப் பூக்கள் காய் பிடிக்கும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு மாற்றம் செய்யுங்கள். இரண்டு வேளை மேலோட்டமாக விடுவதைவிட, ஒரு வேளை வேர் ஆழம்வரை நனையும்படி விடுவது நல்லது. பிறகு காய்ந்த இலையோ கடலைத் தோலோ 3 அங்குலம் மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம். இந்த வெயிலில் வேர்ப்பக்கம் குளிர்ச்சியாக இருப்பது அவ்வளவு முக்கியம்.

மீதி இடம் இருந்தால் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை ஊன்றுங்கள். இவை வெயிலுக்குச் சளைக்காது. உங்கள் பக்கம் பருப்பில் போடும் தோசைக்காயும் (மஞ்சள் வெள்ளரி வகை) அப்படித்தான். குழிக்கு 4 விதை ஊன்றி, முளைத்த பின் திடமான 2 கன்றை மட்டும் விடுங்கள்.