உண்ணிச்செடி யானைகளும் ஊர் ஏரியும்

கேள்வி: எங்கள் ஏரியை ஆகாயத்தாமரை மூடிவிட்டது. பக்கத்துப் பேரூராட்சியின் கழிவுநீர் நேராக ஏரியில் கலப்பதுதான் காரணம் என்று மனுமேல் மனு கொடுத்தும் பயனில்லை. அந்தத் தண்டிலேயே கூடை பின்னி, அதை எங்கள் கோரிக்கைக்குப் பயன்படுத்தலாம் என்று மகளிர் சுய உதவிக் குழுவில் ஒரு யோசனை எழுந்துள்ளது. கைவேலையால் இப்படி ஒரு காரியம் நடக்குமா? பொழுதுபோக்காகவே முடிந்துவிடுமா?
— ஒரு வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: நடக்கும். ஆனால் நீங்கள் பின்னுகிற பொருளும் முன்வைக்கிற கோரிக்கையும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் இருக்க வேண்டும். இதற்கு நம் நீலகிரியிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, இன்று முதுமலை உள்ளிட்ட காடுகளில் புதராக மண்டி, புல்லையும் நாட்டு மரக்கன்றுகளையும் தலையெடுக்க விடாமல் செய்கிறது. கூடலூர்ப் பகுதியில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடி மக்கள் அந்தச் செடியை வெட்டி வந்து, தண்டை வேகவைத்துப் பட்டையை உரித்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் ஒவ்வொரு குச்சியாக வளைத்துப் பொருத்தி, உண்மையான யானையின் அளவிலேயே யானைகளைச் செய்கிறார்கள். தங்கள் குடியிருப்புகளையும் தேயிலைத் தோட்டங்களையும் ஒட்டி நடமாடுகிற, தங்களுக்கு அடையாளம் தெரிந்த யானைகளையே அவர்கள் மாதிரியாகக் கொள்கிறார்கள். 2021இல் லண்டன் பூங்காக்களிலும், 2024இல் பெங்களூரு லால்பாக்கிலும், அதே ஆண்டில் நியூயார்க் நகரிலும் அந்த யானைக் கூட்டம் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, மனிதரும் யானையும் ஒரே நிலத்தில் சேர்ந்து வாழ முடியும் என்ற செய்தியை, அப்படி வாழ்ந்து வருகிறவர்களின் கைவேலையே உலகுக்கு எடுத்துச் சொன்னது.

இதில் நான் பெரிதும் மதிப்பது, காட்டைக் கெடுக்கும் பொருளையே காட்டுக்காகப் பேச வைத்த அறிவை. அதே சமயம் ஒன்றை மறந்துவிடக் கூடாது. யானை செய்வதற்காக வெட்டும் செடியால் காடு முழுவதும் சீராகிவிடாது. வேரோடு எடுக்காத இடத்தில் உண்ணிச்செடி மீண்டும் துளிர்க்கும். கைவேலை மக்களின் கவனத்தைத் திருப்பும், நிதியும் திரட்டித் தரும். காட்டைச் சீரமைக்கும் வேலை தனியாக நடந்தாக வேண்டும்.

உங்கள் ஏரிக்கும் இது பொருந்தும். ஆகாயத்தாமரைத் தண்டில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆகவே நீளமான தண்டுகளாகப் பார்த்து அறுத்து, நன்றாகக் கழுவி, வெயிலில் சருகுபோல் காய்ந்த பிறகே பின்ன வேண்டும். ஈரம் சிறிது மிஞ்சினாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். கழிவுநீர் கலந்த ஏரி என்பதால், கையுறையும் முழங்கால் வரையிலான காலணியும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

இவற்றைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. கூடை நன்றாக விற்கத் தொடங்கினால், நாளடைவில் குழுவின் வருமானம் ஆகாயத்தாமரையை நம்பியதாகிவிடும்; ஏரியைச் சுத்தம் செய்யச் சொல்லிப் புறப்பட்டவர்களுக்கே, அது சுத்தமாகிவிட்டால் பிழைப்பு போய்விடுமே என்ற தயக்கம் வந்துவிடும். கழிவுநீரில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் கலந்துகொண்டே இருக்கும்வரை, எவ்வளவு அறுத்தாலும் ஆகாயத்தாமரை வளர்ந்துகொண்டேதான் இருக்கும். எனவே வியாபாரத்தை இரண்டாம் இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு கூடையிலும் ஒரு துணிப்பட்டை தைத்து, கழிவுநீர் கலக்கும் வாய்க்காலின் பெயர், அந்த இடத்தின் புல எண், முதல் மனு கொடுத்த தேதி ஆகியவற்றை எழுதுங்கள். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு, அடுத்த மனுவை அந்தக் கூடையில் வைத்தே கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: ஊசியும் நூலும் ஓர் அரசின் முடிவை மாற்றியதாக எங்காவது உண்டா?
— கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: ஊசியும் நூலும் மட்டுமே மாற்றியதாகச் சொல்ல முடியாது, மாற்றிய போராட்டத்தில் அவற்றுக்கும் பங்கு இருந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், லிஸ்மோர் பகுதியில், நிலத்தடி எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து 2012இல் வயதான பெண்கள் சிலர் 'நிட்டிங் நன்னாஸ்' (பின்னல் பாட்டிகள்) என்ற பெயரில் கூடினார்கள். மஞ்சளும் கறுப்புமாக உடுத்தி, சட்டமன்ற உறுப்பினரின் அலுவலக வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து கம்பளி பின்னினார்கள். 2014இல் பென்ட்லி என்ற இடத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு துளையிடும் பணியைத் தடுக்க நின்றபோதும் அந்தப் பாட்டிமார் அங்கே இருந்தார்கள். அந்த ஆண்டே அரசு, துளையிட வந்த நிறுவனத்தின் உரிமத்தை நிறுத்திவைத்தது. 2015இல் அந்நிறுவனத்தின் உரிமங்களை விலை கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பின்னிக்கொண்டிருக்கும் பாட்டியைக் கலகக்காரி என்று காட்டுவது எவருக்கும் எளிதாக இருக்கவில்லை. அதோடு, கையில் வேலை இருப்பவர்களால் மணிக்கணக்கில் பொறுமையோடு உட்கார முடிந்தது. வாரம் தவறாமல் அதே வாசலில் உட்கார்வது, ஒருநாள் ஊர்வலத்தைவிட அதிகாரிகளுக்கு அதிக நெருக்கடி தரும் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: பள்ளியில் பவளப்பாறை பற்றிய விழிப்புணர்வுக்காகக் குரோஷா பின்னல் செய்ய விரும்புகிறோம். எந்த நூல் வாங்கலாம்?
— ஓர் ஆசிரியை, ராமநாதபுரம்

பதில்: முடிந்தவரை எதையும் புதிதாக வாங்காதீர்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் அக்ரிலிக் நூலும் பிளாஸ்டிக்தான். அதன் இழைத்துகள் கடலுக்குப் போய்ச் சேரும். மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் 2005இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய குரோஷா பவளப்பாறைத் திட்டத்தில், கம்பளி நூலோடு பிளாஸ்டிக் குப்பையிலிருந்து பின்னிய பாறையும் ஒன்று உண்டு. ஒவ்வொரு வரிசையிலும் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் பின்னல் தானாகச் சுருண்டு பவளத்தின் மடிப்பைப் பெறும் என்பதால், சிறு பிள்ளைகளும் எளிதில் கற்றுக்கொள்வார்கள். திருப்பூர்ப் பனியன் கட்டிங் வேஸ்ட் துணி, பழைய வேட்டி, சேலை ஆகியவற்றை விரலளவு பட்டைகளாகக் கிழித்தாலே போதும். மன்னார் வளைகுடா உங்கள் வாசலிலேயே இருக்கிறது. மீனவர் வீட்டுப் பிள்ளைகளிடம் கிழிந்த நைலான் வலைத் துண்டுகளையும் கேட்டு வாங்கி, கடலில் கைவிடப்பட்ட வலை பவளத்தில் சிக்கி அதை முறிப்பதை அவர்கள் வாயாலேயே வகுப்பில் சொல்லச் செய்யுங்கள்.